அடியில் உறைந்த தேன்



இந்த வாரம் வேதபகுதிக்குள் செல்லுமுன், என்னுடைய தவறு ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வெளியே ஒரு வார்த்தையும் பேசாமல் செய்த தவறு அது. ஆகவே அநேக நாட்கள் அதைத் தவறென்றே எண்ணாமல் இருந்துவிட்டேன்.

இப்பொழுது உங்கள் நடுவில் இருப்பதற்கு முன், குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அருகே ஒரு சிற்றூர்ச் சபையில் ஊழியம் செய்தேன் என்பதை அறிவீர்கள். அந்தச் சபையில் தேனீ வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகையில் மற்றவர்கள் வாழைக்குலையும் தேங்காயும் மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவருவார்கள். இவர் பத்துக் குப்பி தேன் கொண்டுவந்து பலிபீடத்தின் முன் வைப்பார். ஏலத்தில் முதலில் போவது அந்தக் குப்பிகள்தான். போதகர் இல்லத்திற்கும் ஆண்டு முழுவதும் அவரிடமிருந்தே விலைக்கு வாங்கிவந்தோம்.

ஒருமுறை மழைக்காலத்தில், அலமாரியில் வைத்திருந்த குப்பியின் அடிப்பாகம் வெளுத்து, சர்க்கரைப் பாகு ஆறியதுபோல் குருணை கட்டியிருந்தது. கரண்டி விட்டால் கறகறத்தது. நான் அதைப் பார்த்தேன். சர்க்கரை கலந்துவிட்டார் என்று என் மனம் சொன்னது. மனைவியிடமும் நான் அதைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் நாகர்கோவிலுக்குச் சென்றபோது, பெரிய அங்காடி ஒன்றில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அடுக்கி வைத்திருந்த தேனை எடுத்து வந்தேன். பெரியவர் கேட்கும் விலையில் பாதிக்கும் குறைவு. பளபளவென்று, பொன்னிறமாக, ஆண்டு முழுவதும் ஒரே நிறத்தில் இருந்தது. ஒருபோதும் உறையவே இல்லை. நல்ல தேன் என்றே நம்பினேன்.

அவரிடம் தேன் கேட்பது அப்படியே நின்றுபோயிற்று. அவரும் ஏனென்று கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய துணைவியாருக்கு உடல்நலம் குன்றியிருந்தபோது ஜெபிக்கும்படி வீட்டிற்குச் சென்றேன். ஜெபம் முடிந்ததும் சுக்குக் காப்பி கொடுத்தார்கள். பின்புறத் திண்ணையில் காலியான தேனீப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. நியூட்டன் பெட்டி என்று சொல்லப்படும் சிறிய மரப்பெட்டிகள். ஒரு காலத்தில் எண்பது பெட்டி வைத்திருந்தவரிடம் அன்று தேனீ இருந்தது பன்னிரண்டில் மட்டுமே.

“என்ன அண்ணே, நோய் ஏதாவது வந்துவிட்டதா?” என்று கேட்டேன்.

“நோய் வந்தது தொண்ணூற்றொன்றில் ஐயா. அது தேனீக்கு வந்தது. இப்போ வந்திருக்கிறது விலைக்கு” என்றார்.

பிரியமானவர்களே, அவர் சொன்ன இரண்டையும் உங்களுக்கு விளக்க வேண்டும்.

குமரி மண்ணின் தேனுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் திருச்சபையின் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் வாழ்ந்த நம் நாட்டுத் தேனீயைப் பெட்டியில் குடிவைக்க ஏற்ற சிறிய கூட்டை, 1910-களில் திருச்சிராப்பள்ளியில் இருந்த இயேசு சபைக் குருவானவர் நியூட்டன் வடிவமைத்தார். அவர் பெயரால்தான் அந்தப் பெட்டி இன்றும் அறியப்படுகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மறுசீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், நிலமில்லாத ஏழைக் குடும்பங்களும் செய்யக்கூடிய தொழிலென்று தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். தேனீக்குச் சொந்த நிலம் வேண்டியதில்லை. அடுத்தவன் தோட்டத்துப் பூவில் உட்கார்ந்தாலும் அவன் ஒன்றையும் இழப்பதில்லை. 1937-இல் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தத் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதல்ல என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ரப்பர் மரம் ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்த்து, பிறகு செம்பு நிறத்தில் தளிர்விடும். அந்தத் தளிரிலைகள் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றில் இனிப்பான நீர் கசியும். அதைத்தான் தேனீக்கள் சேர்க்கின்றன. சில வாரங்களே நீடிக்கும் பருவம் அது. அந்த நாட்களில் மழை பெய்தால் இனிப்பு கழுவப்பட்டுப்போகும்; ஆண்டு வருமானமும் அதோடு போகும். பருவம் நன்றாயிருந்து, ஒரு பெட்டியில் பத்துக் கிலோ எடுத்தால் மகிழ்ச்சிதான் என்றார் பெரியவர். பிறகு தென்மேற்குப் பருவமழை வரும். வெளியே தேனீக்கு ஆகாரம் கிடையாது. அப்பொழுது வளர்ப்பவர் சர்க்கரையைக் கரைத்துக் கூட்டுக்குள் வைத்து அவற்றை உயிரோடு காப்பாற்ற வேண்டும். அறுவடை செய்வதற்காக அல்ல, அடுத்த தை மாதம் வரை கூடு அழியாமல் இருப்பதற்காக. ஆறு மாதம் சம்பளமில்லாமல் சோறு போடுவதுபோல என்று அவர் சிரித்தார்.

1991-இல் வந்தது ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய். கூட்டுக்குள் புழுக்கள் நீர் நிறைந்த பைபோலாகி இறந்துவிடும். கேரளத்திலும் குமரியிலும் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கூடுகள் அழிந்தன. பெரியவரிடம் அன்றிருந்தவற்றில் தப்பியவை நான்கு. அந்த நான்கையும் பிரித்துப் பிரித்து, ராணி வளர்த்து, பதினைந்து ஆண்டுகளில் மறுபடி எண்பதாக்கினார். ஒரு மனிதன் இழந்ததைத் திரும்பக் கட்டுவதைப் பற்றி நாம் பிரசங்கங்களில் எத்தனையோ எடுத்துக்காட்டுகளைத் தேடுகிறோம். என் சபையிலேயே ஒருவர் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

நோயைத் தாங்கியவரால் விலையைத் தாங்க முடியவில்லை. மொத்தமாக வாங்கும் வியாபாரி சொல்லும் விலை, மழைக்காலச் சர்க்கரைக்கும் பெட்டியைத் தோட்டந்தோட்டமாகக் கொண்டுசெல்லும் வண்டிக் கூலிக்குமே போதவில்லை. ‘பெரிய கம்பெனிக்கு இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது, விருப்பமிருந்தால் கொடும்’ என்று சொல்வார்களாம். இதைவிடக் குறைவாக எப்படிக் கிடைக்கும்? அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை. வீடு திரும்பியபின் தேடிப் படித்தேன்.

நம் நாட்டிற்குள் மலிவாக வந்தது பெரும்பாலும் தேன் அல்ல. தேனைப்போல் நடிக்கும் சர்க்கரைப் பாகு. இதன் சூட்சுமத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரும்பும் மக்காச்சோளமும் ஒருவகைத் தாவரங்கள். அவற்றின் சர்க்கரையிலுள்ள கார்பன் அணுக்களின் விகிதம், பூக்களிலிருந்து வரும் தேனில் உள்ளதிலிருந்து வேறுபடும். ஆகவே வெல்லப்பாகோ சோளப்பாகோ கலந்தால் ஆய்வகத்தில் எளிதில் பிடிபடும். ஆனால் அரிசியும் பீட்ரூட்டும் பூச்செடிகளின் வகையையே சேர்ந்தவை. அவற்றிலிருந்து எடுத்த பாகைக் கலந்தால் அந்தப் பழைய சோதனைக்குக் கண் தெரியாது. அரிசிப்பாகைக் கண்டுபிடிக்கத் தனிச் சோதனைகள் வந்தபோது, அவற்றையும் ஏமாற்றும் பாகுகள் வந்தன.

2020 டிசம்பரில், டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தன் விசாரணையை வெளியிட்டது. நாட்டில் விற்கப்பட்ட 13 வணிகப் பெயர்களின் தேனைப் பரிசோதித்ததில், ஜெர்மனியில் செய்யப்பட்ட அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியவை மூன்று மட்டுமே. சீன நிறுவனங்கள் எந்தச் சோதனையிலும் பிடிபடாது என்று சொல்லியே பாகை விற்க முன்வந்ததையும் அவர்கள் பதிவுசெய்தார்கள். மாதிரிக்காக வரவழைத்த பாகு, சுங்கத்தில் வண்ணப்பூச்சு நிறமி என்ற பெயரில் வந்து சேர்ந்ததாம். தூய தேனில் அந்தப் பாகைப் பாதிக்குப் பாதி கலந்து அனுப்பியும், இந்தியத் தரச் சோதனைகளில் தேறிவிட்டது. நிறுவனங்கள் இந்த முடிவுகளை மறுத்தன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நான் வாங்கிய குப்பியில் என்ன இருந்தது என்று எந்த ஆய்வகத்திலும் நான் பார்க்கவில்லை. ஆகவே அந்த அங்காடியையோ நிறுவனத்தையோ குற்றம் சாட்டப்போவதில்லை. ஆனால் அதன் விலை எனக்கு ஒரு கேள்வியை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. மலிவாகக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே இருந்தது. சந்தேகம் முழுவதையும் பெரியவருக்கென்று எடுத்து வைத்துவிட்டேன்.

இனி, அந்த அடியில் உறைந்த தேனைப் பற்றி. உறைவது தேனின் இயல்பு. தேனில் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இருவகைச் சர்க்கரைகள் உள்ளன. குளுக்கோஸ் மிகுந்த தேன், குளிர்ந்த நாட்களில் தானாகவே குருணை கட்டும். இளஞ்சூடான நீரில் குப்பியை நிறுத்தினால் கரைந்து பழைய நிலைக்கு வரும். சொட்டு நீரில் கரைகிறதா, தாளில் ஊறுகிறதா, தீயில் எரிகிறதா, எறும்பு மொய்க்கிறதா என்று வீடுகளில் நாம் செய்யும் சோதனைகளும் எதையும் உறுதியாகக் காட்டுவதில்லை. எறும்புக்கு இந்தத் தேன் அந்தத் தேன் என்ற பேதம் ஏது! இந்தச் சோதனைகளைச் செய்துபார்த்துவிட்டுக் குப்பியைத் திருப்பிக் கொண்டுவந்து முகத்துக்கு நேராகப் பேசியவர்கள் பலர் என்று பெரியவர் சொன்னார். அவர்களாவது கேட்டார்கள், விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. நான் கேட்கவேயில்லை.

நீங்கள் வேதத்தை வாசிக்கிறவர்கள். சிறிய மரக்காலையும் கள்ளத்தராசையும் வைத்து, கோதுமையின் பதரையும் சேர்த்து விற்ற வியாபாரிகளை ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்ததை அறிவீர்கள். நான் அந்த அதிகாரத்தை எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். எப்போதும் விற்கிறவனைப் பற்றியே பேசினேன். வாங்குகிறவனும் தன் மனதில் ஒரு தராசு வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டு ஏழையை நிறுக்க ஒரு படிக்கல், பளபளக்கும் அட்டையை நிறுக்க வேறொரு படிக்கல் என்று அவனும் இரண்டு வைத்திருக்கக்கூடும். அதைப் பற்றி நான் பேசினதில்லை.

எசேக்கியேலின் புத்தகத்தில் தீருவின் சந்தையைப் பற்றிய ஒரு நீண்ட பட்டியல் 27-ஆம் அதிகாரத்தில் வருகிறது. யூதாவும் இஸ்ரவேலும் அங்கே கொண்டுபோய் விற்ற சரக்குகளில் தேனும் ஒன்று. ஆகவே தேன் கடல் கடந்து விற்கப்படுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அது பழமையான வியாபாரம். இதனோடு ஒரு சிறு செய்தி: யோர்தான் பள்ளத்தாக்கில் தெல் ரெகோவ் என்னும் இடத்தில், ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தேனீக் கூடுகளைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள், களிமண்ணும் வைக்கோலும் கலந்து செய்த உருளைகள், வரிசை வரிசையாக. அவற்றில் எஞ்சியிருந்த தேனீக்களை ஆராய்ந்தபோது, அவை இன்றைய துருக்கிப் பகுதியின் தேனீ இனத்தை ஒத்திருந்தன. அந்நாட்களில் தேனீயையே இறக்குமதி செய்திருக்கிறார்கள் போலும்!

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் நாடு தேனை இறக்குமதி செய்வதைவிட மிக அதிகமாக ஏற்றுமதி செய்கிறது; வட மாநிலங்களின் கடுகு வயல்களில் இத்தாலியத் தேனீ சேர்க்கும் தேன் பெருமளவு அமெரிக்காவுக்குச் செல்கிறது. அங்குள்ள தேனீ வளர்ப்போர், 2001-இல் சீனத் தேன்மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிக்கச் செய்தார்கள். பிறகு 2022-இல் அர்ஜென்டினா, பிரேசில், வியட்நாம் ஆகியவற்றோடு இந்தியத் தேன்மீதும் அப்படிப்பட்ட வரி வந்தது. அடக்கவிலைக்கும் கீழே வந்து குவிகிறது, எங்கள் பெட்டிகள் காலியாகின்றன என்பதே அவர்கள் முறையீடு. அவர்களுக்கு நாம்தான் மலிவு இறக்குமதி! மார்த்தாண்டத்துப் பெரியவர் சொன்ன அதே வார்த்தைகளை டகோட்டாவில் ஒருவர் நம்மைக் குறித்துச் சொல்லிக்கொண்டிருக்கலாம். 2024 மார்ச்சில் நம் அரசு, தேனை டன்னுக்கு 2000 டாலருக்குக் குறைந்த விலையில் ஏற்றுமதி செய்யலாகாது என்று வரையறுத்தது. ஐரோப்பாவிலும் இதே குறை. அங்கே இறக்குமதித் தேன் மாதிரிகள் 320-ஐச் சோதித்து 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், 46 விழுக்காடு கலப்படச் சந்தேகத்திற்கு உரியவை என்று கண்டார்கள். அரிசிப்பாகின் விலை அங்கே அப்பொழுது கிலோவுக்கு அரை யூரோ அளவுதான்; எந்தத் தேனீயும் அந்த விலைக்கு உழைக்காது. அதன்பின் 2024-இல், கலவைத் தேனின் அட்டையில் எந்தெந்த நாட்டிலிருந்து எத்தனை பங்கு வந்தது என்று எழுத வேண்டும் எனச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

எனவே இதை அயல்நாட்டார்மேல் பகையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சீனாவிலும் தேனீ வளர்க்கிற ஏழை இருக்கிறான். பாகு ஆலையினால் அவனுடைய தேனும் விலை இழக்கிறது.

மறுபடி பெரியவரிடம் வருகிறேன். இவற்றையெல்லாம் படித்தபின் ஒரு வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. சனிக்கிழமை மாலை அவர் வீட்டிற்கு மறுபடியும் சென்றேன். திண்ணையில் உட்கார்ந்து, உறைந்த குப்பியைப் பார்த்தது முதல் நாகர்கோவிலில் தேன் வாங்கியது வரை எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. புகைப்பானில் அடைக்க வைத்திருந்த தேங்காய்த் தொண்டைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு, “தெரியும் ஐயா” என்றார்.

“எப்படித் தெரியும் அண்ணே?”

“போதகரம்மா ஒருநாள் நோயாளிக்குக் கொடுக்கத் தேன் கொண்டுவந்தாங்க. குப்பியிலே அட்டை இருந்தது. ஐயருக்கே நம்ம தேன் வேண்டாம்னா, பண்டிகைக்கு எந்த முகத்தோட கொண்டுவந்து வைக்கிறதுன்னு இருந்துட்டேன்.”

அப்பொழுதுதான் எனக்கு நினைவு வந்தது. கடந்த இரண்டு அறுப்பின் பண்டிகைகளிலும் பலிபீடத்தின் முன் தேன் குப்பிகள் இருக்கவில்லை. விளைச்சல் இல்லை போலும் என்று கடந்துவிட்டேன். லேவியராகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தேனைப் பலிபீடத்தில் தகனிக்கலாகாது என்றும், ஆனால் முதற்பலனாகக் கொண்டுவரலாம் என்றும் இருக்கிறது. எசேக்கியா ராஜாவின் நாட்களில் ஜனங்கள் மனதாரக் கொண்டுவந்த முதற்பலன்களிலும் தேன் உண்டு. என் சபையில் ஒரு மனிதனின் முதற்பலனை நான் தடுத்து நிறுத்தியிருந்தேன். அதற்கு ஒரு சொல்லைக்கூட நான் பேசவேண்டியிருக்கவில்லை.

அவர் என்னை மன்னித்தாரா என்று நீங்கள் கேட்கலாம். “ஐயா வந்து சொன்னதே போதும்” என்றார். ஆனால் காலிப் பெட்டிகள் காலியாகவே இருந்தன. மகன் அதற்குள் வளைகுடா நாட்டிற்கு வேலைக்குப் போய்விட்டான். தேனீயின் நடுவில் முகமூடியில்லாமல் கைவிட்டு அடையை எடுக்கத் தெரிந்த பையன் அவன். தந்தைக்கு எழுபது வயதாகிறது. நான்கு கூட்டிலிருந்து எண்பதாக்கத் தொடங்கியபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மன்னிப்புக் கேட்டதால் திரும்ப வராத சிலவும் உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையின் அறிவிப்பு நேரத்தில், பெயர் சொல்லாமல், உறைந்த தேனைப் பற்றிச் சபையாருக்கு விளக்கினேன். வாலிபர் சங்கத்தார் ஒரு காரியம் செய்தார்கள்: பருவத்தின் தொடக்கத்திலேயே வீடுவீடாகக் கேட்டு, எத்தனை குப்பி வேண்டுமென்று எழுதி, பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்தார்கள். இடைத்தரகு இல்லை. தேன் எடுக்கும் நாளில் பிள்ளைகளை அழைத்துச்சென்று, அடையிலிருந்து தேன் இயந்திரத்தில் சுழன்று வடிவதைக் காட்டினார்கள். அதில் இரண்டு பையன்கள் அவரிடம் ஆளுக்கொரு பெட்டி வாங்கி வளர்க்கத் தொடங்கினார்கள். ஒருவனுடைய கூடு முதல் மழையிலேயே கலைந்து பறந்துபோயிற்று, மற்றவனுடையது நிலைத்தது. நான் இடமாற்றம் பெற்று வந்தபோது பெரியவரிடம் பத்தொன்பது பெட்டிகள் இருந்தன.

இதை எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். பெயரும் ஊரும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்றார். ரப்பர் இலை விழத் தொடங்கிவிட்டது, இவ்வாண்டு மழை பிசகாமல் இருக்க ஜெபியுங்கள் என்றும் சொன்னார். உங்கள் குடும்ப ஜெபத்திலும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போதகர் இல்லத்தின் அலமாரியில் அவர் அனுப்பிய குப்பி இருக்கிறது. அடியில் கால் பங்கு உறைந்திருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள், கரைத்துக் காட்டுகிறேன்.